உடல் சொல்வதும் நாம் புரிந்துகொள்வதும்

நெஞ்சடைப்பும் வியர்வையுமாக நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் இரண்டு வகையினரை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். மாலையில் தொடங்கிய வலியை ‘கேஸ் ட்ரபிள்’ என்று எண்ணி, சோடா குடித்து, ஓமத் தண்ணீர் குடித்து, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்து, இதயத் தசையின் ஒரு பகுதி செயலிழந்த பிறகு வந்து சேர்கிறவர் ஒரு வகை. நெஞ்சு படபடத்ததுமே உயிர் போகப்போகிறது என்று பதறி ஓடிவந்து, ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் இயல்பாக இருப்பதாகச் சொன்ன பிறகும் நம்ப முடியாமல், அடுத்த வாரம் வேறொரு மருத்துவமனையின் வாசலில் நிற்கிறவர் இன்னொரு வகை. இருவரின் உடலும் குரல் கொடுத்தது; இருவரும் அதைக் கேட்கவும் செய்தார்கள். தவறிப்போனது அந்தக் குரலுக்கு அவர்கள் கொண்ட பொருள். ‘உடல் சொல்வதைக் கேளுங்கள்’ என்ற அறிவுரை இன்று யோகா வகுப்புகளிலும் உணவு ஆலோசனைகளிலும் மனநல மேடைகளிலும் ஓயாமல் ஒலிக்கிறது. அது நல்ல அறிவுரைதான், ஆனால் பாதி அறிவுரை. உடலின் குறிப்புகளைக் கூர்ந்து கவனிப்பதால் மட்டும் நலமோ தன்னறிவோ வந்துவிடுவதில்லை. கவனித்ததற்குக் கொண்ட பொருளை மீண்டும் மீண்டும் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளும்போதுதான் அந்தக் கவனம் அறிவாகிறது. கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகள் நம்மை இட்டுச்செல்வது இந்த முடிவுக்குத்தான்.

உடலுக்குள் நடப்பதை உணரும் திறனைத் தனியொரு புலனாக வகுத்தவர் ஆங்கிலேய நரம்பியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். 1906இல் வெளியான தம் நூலில், வெளியுலகை அறியும் புலன்கள், தசைகளின் மூட்டுகளின் நிலையை அறியும் புலன், உள்ளுறுப்புகளிலிருந்து செய்தி கொண்டுவரும் புலன் என்று அவர் பிரித்துக் காட்டினார். மூன்றாவதை ‘இன்டரோசெப்ஷன்’ என்பார்கள். இங்கே அகப்புலன் என்று குறிப்பிடுவோம். பசி, தாகம், மூச்சுத்திணறல், சிறுநீர் முட்டுதல், நெஞ்சு படபடத்தல், களைப்பு ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்கும். இதன் வழித்தடங்கள் இப்போது ஓரளவு தெளிவாகத் தெரிந்திருக்கின்றன. மூளையையும் நெஞ்சு, வயிற்று உறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 விழுக்காடு, உறுப்புகளிலிருந்து மேல்நோக்கிச் செய்தி கொண்டுபோகிறவை. மூளை உடலுக்கு இடும் கட்டளைகளைவிட, உடல் மூளைக்கு அனுப்பும் செய்திகளே இந்த நரம்பில் அதிகம். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆர்டெம் படபூட்டியனின் குழு கண்டறிந்த பீசோ2 என்ற புரதம், தொடுகையை உணர்வதோடு சிறுநீர்ப்பை விரிவதையும் உணர்ந்து நரம்புக்குச் சொல்கிறது. பிறவியிலேயே இந்தப் புரதம் இயங்காதவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைவது சரியாகத் தெரிவதில்லை. அவர்களில் பலர் நேரம் பார்த்துத்தான் கழிப்பறைக்குப் போகிறார்கள். இத்தகைய செய்திகள் பலவும் போய்ச் சேரும் முக்கியமான இடம், மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா. தம் இதயத் துடிப்பைத் துல்லியமாக உணர்கிறவர்களுக்கு வலது இன்சுலாவின் முன்பகுதி கூடுதலாக இயங்குவதை ஹ்யூகோ கிரிட்ச்லியின் குழு 2004இல் காட்டியது.

உடலின் இந்தச் செய்திகளுக்கும் நம் உணர்ச்சிகளுக்கும் என்ன தொடர்பு? அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் துணிச்சலான ஒரு விடையை முன்வைத்தார்: பயந்ததால் நடுங்குகிறோம் என்பது சரியன்று, நடுக்கத்தை உணர்வதைத்தான் பயம் என்கிறோம். இதற்கு 1927இல் வால்டர் கேனன் எழுப்பிய மறுப்பு இன்றும் எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. உள்ளுறுப்புகள் மெதுவாகவே மாறுகின்றன, உணர்ச்சியோ கணத்தில் எழுகிறது. கோபத்திலும் பயத்திலும் காய்ச்சலிலும்கூட இதயம் ஒரே மாதிரிதான் விரைகிறது. அப்படியிருக்க, எது எந்த உணர்ச்சி என்று இதயம் எப்படிச் சொல்லும்? கேனனின் இந்தக் கேள்விக்கு நேரான சோதனை வருவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசரோத்தின் குழுவினர் எலிகளின் இதயத் தசைச் செல்களை ஒளிக்கு இயங்கும்படி மரபணு வழியில் மாற்றினார்கள். சிறு சிவப்பு விளக்கு பொருத்திய மேலங்கியை எலிக்கு அணிவித்தார்கள். விளக்கு மின்னும்போதெல்லாம் இதயம் துடிக்கும். நிமிடத்துக்கு 660 ஆக இருந்த துடிப்பை, மருந்தோ வலியோ மிரட்டலோ இல்லாமல் 900 வரை உயர்த்த முடிந்தது. வழக்கமான கூண்டில் இருந்த எலி இதனால் கலங்கவில்லை. ஆனால் திறந்தவெளி கொண்ட உயரமான பாதையில் விடப்பட்டபோதும், தண்ணீர் குடிக்கப் போனால் அவ்வப்போது மின்னதிர்ச்சி கிடைக்கலாம் என்றிருந்தபோதும், இதயம் விரைவாக்கப்பட்ட எலி மற்றவற்றைவிட அதிகமாகத் தயங்கியது. இன்சுலாவின் பின்பகுதியை அடக்கியதும் அந்தத் தயக்கம் தணிந்தது.

இந்த ஒரே சோதனை ஜேம்ஸுக்கும் கேனனுக்கும் ஆளுக்குப் பாதி நியாயம் வழங்குகிறது. உடலின் மாற்றம் உணர்ச்சியின் எதிரொலி மட்டுமில்லை, அதற்குக் காரணமாகவும் அமைகிறது. இந்த அளவில் ஜேம்ஸ் சொன்னது சரி. அதே துடிப்பு ஓரிடத்தில் பயமாகிறது, இன்னோரிடத்தில் ஒன்றுமே ஆகவில்லை. துடிப்பு தன் பொருளைத் தானே சுமந்து வருவதில்லை என்ற அளவில் கேனன் சொன்னதும் சரி. எங்கே இருக்கிறோம், என்ன நேரக்கூடும் என்ற மதிப்பீட்டோடு சேர்ந்துதான் உடலின் செய்தி உணர்ச்சியாகிறது. மனிதர்களில் இந்த மதிப்பீட்டைக் கடந்தகால அனுபவமும் கேட்டறிந்தவையும் எதிர்பார்ப்பும் சேர்ந்து செய்கின்றன. பேனிக் அட்டாக் எனப்படும் திடீர்ப் பீதியை பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கியது இப்படித்தான். மாடிப்படி ஏறியதாலோ காபி குடித்ததாலோ படபடப்பு வருகிறது. அதை மாரடைப்பின் அறிகுறியாக மனம் எடுத்துக்கொள்கிறது. அந்த அச்சம் துடிப்பை இன்னும் விரைவாக்குகிறது. விரைந்த துடிப்பு அச்சத்துக்குச் சான்றாகிறது. சில நிமிடங்களில் இந்தச் சுழல் உச்சத்தைத் தொட்டுவிடும். இதற்கான சிகிச்சைகளில் ஒன்று, உணர்வை மறக்கச் சொல்வதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. நாற்காலியில் வேகமாகச் சுழல்வது, ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சுவிடுவது, வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சிழுப்பது ஆகியவற்றால் அதே தலைச்சுற்றலையும் படபடப்பையும் சிகிச்சையறையில் வரவழைத்து, அஞ்சியது நடக்கிறதா என்று நோயாளியையே பார்க்கச் செய்கிறார்கள். உணர்வு அப்படியே இருக்கிறது; அதற்கு அவர் கொண்ட பொருள் மெல்ல மாறுகிறது.

அப்படியானால் உடலை உணர்வதில் ஒருவர் எவ்வளவு வல்லவர் என்று எப்படி அறிவது? ஜெர்மானிய உளவியலாளர் ரைனர் ஷாண்ட்ரி 1981இல் அறிமுகப்படுத்திய முறை மிக எளியது. கையால் நாடி பிடிக்காமல், குறிப்பிட்ட சில விநாடிகளில் தம் இதயம் எத்தனை முறை துடித்தது என்று ஒருவர் மனத்துக்குள் எண்ணிச் சொல்ல வேண்டும். கருவி காட்டும் எண்ணிக்கையோடு அதை ஒப்பிடுவார்கள். நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இந்த முறையை நம்பி நடந்தன. ஆனால் நிமிடத்துக்கு எழுபது எண்பது முறை இதயம் துடிக்கும் என்று பொதுவாகத் தெரிந்தவர், எதையுமே உணராமல் கணக்குப் போட்டு நல்ல மதிப்பெண் பெற்றுவிட முடியும். ஊகிக்காதீர்கள், உண்மையில் உணர்ந்த துடிப்பை மட்டும் எண்ணுங்கள் என்று 2018இல் ஓர் ஆய்வில் கட்டளையை மாற்றியபோது மதிப்பெண்கள் வெகுவாகச் சரிந்தன. இதைக் காட்டி, அகப்புலன் ஆய்வு முழுவதுமே ஆட்டங்கண்ட அடித்தளத்தில் நிற்கிறது என்று வாதிடுவோர் உண்டு. அந்த முறைமீதான விமர்சனம் நியாயமானது. ஆயினும் அந்தப் பலவீனமே நமக்கு வேறொன்றைக் கற்றுத் தருகிறது: உடலை உணர்வதாக நினைப்பதற்கும் உண்மையில் உணர்வதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. சாரா கார்ஃபிங்கல் 2015இல் இந்த இடைவெளியையே ஆய்வுப் பொருளாக்கினார். ஒருவரின் துல்லியம், தம்மைப் பற்றி அவர் கொண்டிருக்கும் நம்பிக்கை, அந்த நம்பிக்கை துல்லியத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற மதிப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு என்று அவர் காட்டினார். தியானத்தில் பல ஆண்டுப் பயிற்சி பெற்றவர்களை சாஹிப் கால்சா 2008இல் சோதித்தபோதும் இதே பாடம்தான் கிடைத்தது. அவர்கள் தம் திறன் பற்றிப் பிறரைவிட உயர்வாகவே எண்ணினார்கள். இதயத் துடிப்பை உணர்வதிலோ பிறரைவிட மேம்பட்டிருக்கவில்லை. தியானத்தின் மற்றப் பயன்களை இது குறைத்துவிடாது. எனினும் நெடுநாள் கவனித்தவர் என்பதாலேயே ஒருவர் உடலைச் சரியாக வாசிப்பவர் ஆகிவிட மாட்டார்.

கவனத்துக்கு எது துணைசேர்ந்தால் அது அறிவாகும் என்பதற்குச் சர்க்கரை நோய்ச் சிகிச்சையில் மிகத் தெளிவான சான்று உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும், சிடுசிடுப்பு வரும். ‘லோ சுகர்’ என்று தெரிந்து உடனே எதையாவது இனிப்பாகச் சாப்பிட்டுவிட்டால் ஆபத்தில்லை. ஆனால் அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கைகளே மங்கிவிடுகின்றன. அறிகுறி எதுவும் தெரியாமல் நினைவிழந்து விழுகிறவர்கள் இவர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் காக்ஸும் அவரது குழுவினரும் 1980களிலிருந்து இதற்கு ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். நோயாளி குளுக்கோமீட்டரைத் தொடுவதற்கு முன், இப்போது உடலில் என்ன தோன்றுகிறது, கடைசியாக என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன் என்றெல்லாம் யோசித்து, சர்க்கரை அளவு எவ்வளவு இருக்கும் என்று ஊகித்து எழுதுகிறார். பிறகு விரலில் குத்திப் பார்த்து, உண்மை அளவை ஊகத்தின் பக்கத்தில் குறிக்கிறார். நாள்தோறும் இப்படி ஒப்பிடும்போது, எல்லோருக்கும் பொதுவென்று பாடநூல் சொல்லும் பட்டியலிலிருந்து தமக்குரிய குறிகளை அவர் பிரித்தெடுக்கிறார். ஒருவருக்கு உதட்டைச் சுற்றி வரும் மரமரப்பு நம்பத்தக்க குறி. இன்னொருவருக்கு எளிய கணக்கில்கூடத் தடுமாறுவது. வேறொருவருக்கு வியர்வை, வெயில் காலத்தில் மட்டும் ஏமாற்றும் குறி. இந்தப் பயிற்சி பெற்றவர்களின் ஊகம் கூர்மையானது, கடுமையான சர்க்கரை இறக்கங்களும் குறைந்தன. சில வாரங்கள் சர்க்கரை இறங்கவே விடாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டால், மங்கிப்போன எச்சரிக்கை உணர்வுகளே பெருமளவு திரும்பி வருகின்றன என்பதையும் வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. அகப்புலன் பிறவியோடு நிலைத்துவிட்ட ஒன்றன்று. கெடவும் கூடும், சீர்ப்படவும் கூடும்.

இதே வழி மனநலத்திலும் பலன் தருகிறது. ஆட்டிசம் உள்ள வயதுவந்தோர் பலருக்குக் கடும் பதற்றம் துணையாகவே இருக்கும். இவர்களில் 121 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு இதயத் துடிப்பை உணரும் பயிற்சி அளிக்கப்பட்டது. சிறிது நேர உடற்பயிற்சியால் துடிப்பைத் தெளிவாக்கி, அதை உணரச் செய்து, அவர்கள் சொன்னது சரியா தவறா என்று ஒவ்வொரு முறையும் தெரிவித்தார்கள். மூன்று மாதங்களுக்குப் பின் இந்தப் பிரிவில் 31 விழுக்காட்டினர் பதற்றக் கோளாற்றிலிருந்து மீண்டிருந்தார்கள். ஒப்பீட்டுப் பிரிவில் 16 விழுக்காட்டினர். துல்லியம் மட்டுமே எல்லாவற்றுக்கும் மருந்து என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. பார்னபி டன் 2010இல் நடத்திய சூதாட்டச் சோதனையில், தம் இதயத்தை நன்கு உணர்கிறவர்களின் தேர்வுகளை உடல் கூடுதலாக ஆட்டிவைத்தது. உடல் நல்ல பக்கம் சாய்ந்தபோது அவர்கள் லாபம் அடைந்தார்கள். கெட்ட பக்கம் சாய்ந்தபோது பிறரைவிட மோசமாக இழந்தார்கள். உள்ளிருந்து வரும் குரல் உரக்கக் கேட்கிறது என்பது அது உண்மை பேசுகிறது என்பதற்கு உத்தரவாதமில்லை.

உடலின் செய்தி தன்னறிவாக மாறுவது எவ்வளவு கடினம் என்பதை நம் ஊர் மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் காணலாம். ‘உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’, ‘தலை பாரமா இருக்கு’, ‘நெஞ்சில கல்ல வச்ச மாதிரி இருக்கு’ என்று சொல்லி மாத்திரையோ சத்து ஊசியோ கேட்கிறவர்களில் கணிசமானோரை உண்மையில் வாட்டுவது மனச்சோர்வு. இது கீழைநாட்டவரின் வழக்கம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் பெங்களூர் உட்பட 14 நாடுகளின் நகரங்களில் திரட்டிய தரவுகள் 1999இல் அந்தக் கருத்தைத் திருத்தின. மனச்சோர்வு கொண்ட 1,146 பேரில் 69 விழுக்காட்டினர் மருத்துவரிடம் உடல் உபாதைகளை மட்டுமே சொன்னார்கள். நேரடியாகக் கேட்டபோதும் மனத்துயரை மறுத்தவர்கள் 11 விழுக்காட்டினர்தான். கேட்டால் சொல்கிறார்கள், கேட்பார் இல்லாததால் வலியாகச் சொல்கிறார்கள். இவர்களிடம் இதெல்லாம் மனசுதான், உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவது இரட்டைத் தவறு. பாரமும் அசதியும் உண்மையாகவே உணரப்படுகின்றன. இந்த வலி எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்கிற ஒருவர் எதிரே இருந்தால், அதே வலி தன் வாழ்வைப் பற்றிய ஒரு செய்தியாக நோயாளிக்கே புலப்படத் தொடங்குகிறது. தன்னைத் தான் அறிவதற்கும் இன்னொருவரின் காது வேண்டியிருக்கிறது.

இங்கே வலுவான ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். இந்தியாவில் கோடிக்கணக்கானோரைக் கொல்லாமல் கொல்லும் நோய்கள் குரலே எழுப்பாதவை. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் நடந்து 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் வயதுவந்தோரில் மூவரில் ஒருவருக்கும் மேல். உயர் ரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. ‘பிரஷர் ஏறினா எனக்குத் தெரிஞ்சிடும்’ என்று சொல்லாத நோயாளி அரிது. ஹோவர்ட் லெவென்தாலின் குழு 1985இல் கண்டதும் இதுதான்: ரத்த அழுத்தம் உயர்வதைப் பொதுவாக உணர முடியாது என்று ஒப்புக்கொண்டவர்களே, தமக்கு மட்டும் தெரியும் என்று நம்பினார்கள்; தலைவலி வந்தால் மாத்திரை, இல்லையென்றால் இல்லை என்று நடந்துகொண்டார்கள். ஆகவே உடலைக் கேட்கச் சொல்வது ஆபத்தல்லவா என்ற கேள்வி எழும். ஆபத்துதான், சரிபார்ப்பைக் கைவிட்டால். உடலை வாசிக்கத் தெரிந்தவர், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் அறிந்தவராக இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பதன் அருமை இங்கேதான் விளங்கும். அகப்புலன் எட்டாத இடத்தில் கருவி அதன் பணியைச் செய்கிறது.

உடலையே உற்றுக் கவனித்துக்கொண்டிருந்தால் இல்லாத நோயெல்லாம் வரும் என்பது இன்னொரு மறுப்பு. பேனிக் சுழலைப் பார்த்த பிறகு இதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் கவனம் எல்லாம் ஒரே வகையில்லை. 2012இல் வூல்ஃப் மெஹ்லிங்கின் குழு உருவாக்கிய வினாப்பட்டியல், உடலில் ஒன்றைக் கவனிப்பதையும், அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதையும், உடலை நம்புவதையும் தனித்தனி அளவுகளாகப் பிரிக்கிறது. ஏனெனில் நிறையக் கவனிக்கிறவர் நிறைய அஞ்சுகிறவராகவும் இருக்கலாம், அமைதியானவராகவும் இருக்கலாம். அச்சத்தோடு பார்ப்பவர் ஒரே ஒரு விடையைத் தேடுகிறார்: நோயா, இல்லையா? ஆர்வத்தோடு பார்ப்பவர் கேள்விகளைக் கேட்கிறார்: எப்போது வருகிறது, எதற்குப் பிறகு வருகிறது, எதனால் தணிகிறது? திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வலியுறுத்தும் கவனம் இந்த இரண்டாம் வகை. முன்பு உண்டது செரித்ததா, இப்போது நன்றாகப் பசிக்கிறதா என்று அறிந்து உண்ணச் சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு கேள்வியோடு உடலை அணுகும் முறை அது.

கடைசியாக, இதைத் தனிமனிதரின் திறன் என்று மட்டும் பேசி முடிப்பது நேர்மையாகாது. உடலின் குரலைக் கேட்டு அதன்படி நடக்க முடிகிறவருக்குத்தான் அந்தக் குரல் பயன்படும். ஜவுளிக்கடையில் பத்து மணிநேரம் நிற்கும் விற்பனைப் பெண்ணுக்குக் கால் வலிப்பது தெரியாமலா இருக்கும்? உட்கார அனுமதி இல்லாதவரை அந்த வலியை உணர்வது அவருக்குக் கூடுதல் வேதனையே தவிர வேறில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல்தான் சட்டம் திருத்தியது. கேரளம் 2018இல் செய்தது. கழிப்பறை சுத்தமாக இல்லாத பள்ளியில் படிக்கும் சிறுமி காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் பழகுகிறாள். தாகத்தையும் சிறுநீர் முட்டுவதையும் புறக்கணிப்பது அவளுக்கு அன்றாடத் திறமையாகிவிடுகிறது. இப்படிப் பல ஆண்டுகள் அடக்கிப் பழகியவர்களிடம், உடல் சொல்வதைக் கேளுங்கள் என்று உபதேசிப்பதில் நியாயமில்லை. இருக்கையும் கழிப்பறையும் இடைவேளையும் உடல்நலக் கொள்கையின் பகுதிகள். அகப்புலனை ஒரு சமூகம் மதிக்கிறதா என்பதை அவற்றைக் கொண்டே அளவிட வேண்டும்.

ஆக, உடலின் குறிப்புகளிலிருந்து நலமும் தன்னறிவும் பெற மூன்று வேண்டும்: கேட்பதற்கான கவனம், கேட்டதைச் சரிபார்க்க ஓர் அளவுகோலோ இன்னொரு மனிதரோ, தெரிந்ததன்படி நடந்துகொள்ள உரிமை. இன்றைய உபதேசங்கள் முதலாவதை மட்டும் தருகின்றன. கவனத்தை எல்லோருக்கும் போதிப்பதைவிட, குளுக்கோமீட்டரையும் ரத்த அழுத்தக் கருவியையும் நோயாளியின் கையில் கொடுத்து ஊகிக்கவும் ஒப்பிடவும் கற்பிப்பது, புறநோயாளிப் பிரிவில் கூடுதலாக இரண்டு கேள்விகள் கேட்க மருத்துவருக்கு நேரம் அளிப்பது, நிற்கிறவருக்கு இருக்கை தருவது ஆகியவை கடினமான வேலைகள். ஆனால் உடலின் குரலுக்குப் பொருள் சேர்ப்பவை இவைதான். உடலைக் கேட்கச் சொல்கிறவர்கள் இந்த மூன்றுக்கும் பொறுப்பேற்கும்போதுதான் அந்த அறிவுரை முழுமை பெறும்.